கோர்ட்டில் நடந்த கூத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல்களும் நீதிபதிகளும் வழக்காடிகளும் அடித்த கூத்துகளைத் தேடிப் படிப்பது எனக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. இது தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சட்ட ஆலோசனை எதுவும் இதில் கிடைக்காது.

இதெல்லாம் நிஜமா, யாராவது கிளப்பிவிட்டதா?

ஊரும் ஆண்டும் சேர்த்துச் சொல்லியிருப்பவை நிஜம். "சொல்வார்கள்" என்று எழுதியிருந்தால் அதைச் செவிவழிக் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் கட்டுக்கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. அதிகம் சுற்றுவது சுருட்டுக் கதை. ஒரு வக்கீல் விலை உயர்ந்த சுருட்டுகளை வாங்கித் தீவிபத்துக்குக் காப்பீடு செய்கிறார். அத்தனையையும் ஊதித் தள்ளிவிட்டு, "சிறு சிறு தீவிபத்துகளில் எல்லாம் அழிந்துவிட்டன" என்று பணம் கேட்கிறார். வழக்கிலும் ஜெயிக்கிறார். பணத்தை வாங்கிய கையோடு, காப்பீடு செய்த பொருளுக்குத் தானே தீ வைத்த குற்றத்துக்காக உள்ளே போகிறார். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கே நடக்கவில்லை. முடிவு இவ்வளவு கச்சிதமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நிஜ வழக்குகள் இழுபறியாகத்தான் முடியும்.

அந்தப் பூனை வக்கீல் வீடியோ?

நிஜம். 2021 பிப்ரவரி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். நீதிபதி ராய் ஃபெர்குசன் முன்னால் காணொளி விசாரணை. உதவியாளரின் கணினியில் உட்கார்ந்த வக்கீலின் முகம் திரையில் வெள்ளைப் பூனைக்குட்டியாகத் தெரிந்தது. அதை எடுக்கத் தெரியாமல் அவர் தவித்தார். பூனையின் கண்கள் இங்கும் அங்கும் உருண்டன. கடைசியில், "நான் நேரலையில்தான் இருக்கிறேன், நான் பூனை இல்லை" என்றார். "அது தெரிகிறது" என்றார் நீதிபதி, சிரிக்காமல். பிறகு அந்த வீடியோவை வெளியிட்டவரும் அவர்தான்.

அந்த வக்கீல் பாவம், தெரியாமல் மாட்டியவர். தெரிந்தே செய்தவர்கள் வேறு. 2020 ஏப்ரலில் ஃபுளோரிடா நீதிபதி ஒருவர் வக்கீல்களுக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது: ஒருவர் சட்டையில்லாமல் ஆஜராகிறார், இன்னொருவர் போர்வைக்குள் படுத்தபடியே ஆஜராகிறார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று. அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் டி-ஷர்ட்டோடு கட்டிலில் சாய்ந்தபடி ஆஜராகி மன்னிப்புக் கேட்டார். ராஜஸ்தான் உயர் நீதிமன்ற விசாரணை ஒன்றில் ஒரு மூத்த வக்கீல் கையிலிருந்த காகிதங்களுக்குப் பின்னால் ஹூக்கா புகைத்தது திரையில் தெரிந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைபேசியில் வாதம் கேட்டுக்கொண்டிருந்த 2020 மே 6 அன்று, நடுவில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நாடு முழுக்கக் கேட்டது. யார் வீட்டுக் கழிப்பறை என்பதை இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2025ல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் இந்தச் சிக்கலும் தீர்ந்துவிட்டது. அங்கே ஒருவர் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே கேமராவையும் போட்டுக்கொண்டு ஆஜரானார்.

செயற்கை நுண்ணறிவை நம்பி மாட்டிய வக்கீல் யார்? என்ன ஆச்சு?

நியூயார்க், 2023. விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி அவியாங்கா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார். காலக்கெடு தாண்டிவிட்டது, தள்ளுபடி செய்யுங்கள் என்றது நிறுவனம். பதில் மனுவில் பயணியின் வக்கீல் முன்தீர்ப்புகளை, அதாவது தன் வாதத்துக்கு ஆதரவான பழைய வழக்குகளின் தீர்ப்புகளை அடுக்கினார். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது. சிலவற்றைக் காணவே காணோம். நீதிபதி கெவின் காஸ்டலும் தேடினார். அவருக்கும் கிடைக்கவில்லை.

அத்தனையும் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்தவை. இதோடு நின்றிருந்தால் சோம்பேறித்தனம் என்று விட்டிருக்கலாம். "அந்தத் தீர்ப்புகளின் நகலைத் தாருங்கள்" என்று நீதிபதி உத்தரவு போட்டதும், வக்கீல் திரும்பவும் சாட்ஜிபிடியிடமே போனார். அது தீர்ப்புகளையே எழுதிக் கொடுத்தது. அதையும் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். இடையில் ஒரு சந்தேகம் வந்து, "இது நிஜ வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டும் இருக்கிறார். அது ஆமாம் என்றது. பொய்ச்சாட்சியிடம் போய் நீ பொய்ச்சாட்சியா என்று கேட்டால் வேறென்ன சொல்லும்?

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. நகல் தருவதற்கு அவகாசம் கேட்டு மனுவில் கையெழுத்துப் போட்டவர் அவருடைய சக வக்கீல், தான் விடுமுறையில் இருப்பதாகச் சொல்லி. விசாரணையில் பார்த்தால் அவர் ஊரில்தான் இருந்திருக்கிறார். விடுமுறைக்குப் போனவர் மற்றவர். பொய் வழக்குகளை இயந்திரம் தயாரித்தது, இந்தப் பொய்யை அவர்களே சொந்தமாகத் தயாரித்தார்கள்.

அபராதம் 5,000 டாலர். அதோடு, எந்தெந்த நீதிபதிகள் எழுதியதாகப் போலித் தீர்ப்புகளில் இருந்ததோ, அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதித் தெரிவிக்கவும் உத்தரவு. இதைப் பார்த்து உலகம் திருந்தியது என்று நினைத்தால், 2025ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் காட்டப்பட்ட 45 முன்தீர்ப்புகளில் 18 நடக்கவே நடக்காதவை.

பேன்ட் தொலைந்ததற்கு கோடிக்கணக்கில் கேட்டது யார்?

ஒரு நீதிபதி. அதுதான் விசேஷம்.

ராய் பியர்சன், வாஷிங்டனில் நிர்வாகத் தீர்ப்பாய நீதிபதி. 2005ல் ஒரு பேன்ட்டை ஆல்டர் செய்ய சலவைக் கடையில் கொடுத்தார். கூலி 10.50 டாலர். கடைக்காரர்கள் திருப்பித் தந்த பேன்ட் தன்னுடையது இல்லை என்றார். முதலில் அவர் கேட்டது ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கொரியக் குடும்பம் சமாதானமாகப் போக 3,000 தருகிறோம் என்றது, பிறகு 4,600, பிறகு 12,000. எதையும் அவர் வாங்கவில்லை. கடையில் "திருப்திக்கு உத்தரவாதம்" என்று ஒரு அட்டை தொங்கியது. எனக்குத் திருப்தி இல்லை, ஆகவே இது மோசடி என்பது அவர் வாதம். நுகர்வோர் சட்டத்தில் ஒவ்வொரு மீறலுக்கும் நாள் ஒன்றுக்கு 1,500 டாலர் என்று ஒரு கணக்கு இருந்தது. அதை மீறல்களின் எண்ணிக்கையால் பெருக்கி, நாட்களால் பெருக்கி, பிரதிவாதிகள் மூன்று பேர் என்பதால் மூன்றாலும் பெருக்கினார். வேறு சலவைக் கடைக்குப் போய்வரப் பத்து வருடம் வாரந்தோறும் வாடகைக் கார் எடுக்க வேண்டும், அதற்கு 15,000 தனி. மொத்தம் 6 கோடியே 70 லட்சம் டாலர். வழக்கு விசாரணைக்கு வந்தபோது மனமிரங்கி 5 கோடியே 40 லட்சமாகக் குறைத்துக்கொண்டார்.

சாட்சிக் கூண்டில் பேன்ட்டைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்து அழுதுவிட்டார். விசாரணையைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. 2007 ஜூனில் ஒரு காசு கூடக் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடும் தோற்றது. நீதிபதிப் பதவியை அவருக்குப் புதுப்பிக்கவில்லை. அதை எதிர்த்தும் வழக்குப் போட்டார், அதுவும் போயிற்று. 2020ல் வக்கீல் தொழிலில் இருந்து 90 நாள் இடைநீக்கம். ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: ஜெயித்த குடும்பம் அந்தக் கடையை மூடிவிட்டது.

அப்போ சின்னத் தொகைக்கு வழக்குப் போடுகிறவர்கள் எல்லாம் கிறுக்கர்களா?

கேட்கிற தொகையைப் பார்த்தால் ஆள் எப்படி என்று ஓரளவு தெரியும். வட இந்தியாவில் மதுரா ரயில் நிலையத்தில் 1999ல் ஒரு வக்கீல் இரண்டு டிக்கெட் வாங்கினார். 70 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 90 வாங்கிவிட்டார்கள். இருபது ரூபாய்க்கு நுகர்வோர் நீதிமன்றம் போனார். நூறு தடவைக்கு மேல் வாய்தா. 2022ல் ஜெயித்தார். இருபது ரூபாய், அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 15,000 ரூபாய் அபராதம். இவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். கிறுக்கு என்று சொல்ல வேண்டுமென்றால், இருபது ரூபாயைத் திருப்பித் தராமல் 22 வருடம் எதிர்வழக்காடிய தரப்பைத்தான் சொல்ல வேண்டும்.

கடவுள் மேல் வழக்குப் போட முடியுமா?

போடலாம். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கஷ்டம்.

2007ல் நெப்ராஸ்கா மாநில செனட்டர் எர்னி சேம்பர்ஸ் கடவுள் மேல் வழக்குத் தொடுத்தார். வெள்ளம், பூகம்பம், பஞ்சம் எல்லாவற்றுக்கும் பிரதிவாதியே பொறுப்பு, நிரந்தரத் தடையுத்தரவு வேண்டும் என்பது மனு. நீதிமன்றத்தை நாட யாருக்கும் தடை போடக்கூடாது என்பதைச் சொல்லிக்காட்டவே இதைச் செய்தார். பிரதிவாதிக்கு விலாசம் இல்லை, அறிவிப்புக் கொடுக்க முடியாது என்று நீதிபதி 2008ல் தள்ளுபடி செய்தார். சேம்பர்ஸ் விடவில்லை: கடவுள் இருப்பதைக் கோர்ட் ஒப்புக்கொள்கிறது, அவர் எல்லாம் அறிந்தவர் என்பதும் அதிலேயே அடக்கம், அப்படியானால் இந்த வழக்கும் அவருக்குத் தெரியும்தானே என்றார். எனக்கு இது பலமான வாதமாகத்தான் படுகிறது.

சாத்தானும் தப்பவில்லை. 1971ல் பென்சில்வேனியாவில் ஒருவர், சாத்தானும் அவனுடைய ஆட்களும் தன் வாழ்க்கைப் பாதையில் தடைகளை வைத்துத் தன்னை வீழ்த்திவிட்டார்கள் என்று மனுப் போட்டார். நீதிபதி ஜெரால்ட் வெபர் கோபப்படாமல் முறைப்படி ஆராய்ந்தார். பிரதிவாதி இந்த நீதிமன்ற எல்லைக்குள் குடியிருப்பதாக மனுவில் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் ஏராளமாக இருப்பார்கள் என்பதால், எல்லோர் சார்பிலும் ஒரே வழக்காக நடத்தலாமா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று மனுதாரர் சொல்லவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது. மனுதாரரை ஒரு வார்த்தை கேலி செய்யாமல் எழுதிய உத்தரவு அது.

தன் மேல் தானே வழக்குப் போட்ட ஆள் உண்டா?

உண்டு. 1995, வர்ஜீனியா. சிறையில் இருந்த ஒருவர், தான் குடித்துவிட்டுத் தன் மத நம்பிக்கைகளையே மீறித் தன்னுடைய உரிமையைப் பறித்துவிட்டதாகத் தன் மேலேயே 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சிறையில் வருமானம் இல்லாததால் அந்தப் பணத்தை மாநில அரசு கட்ட வேண்டும் என்றார். புதுமையான அணுகுமுறை என்று சொல்லிவிட்டு நீதிபதி தள்ளுபடி செய்தார்.

வாய்தா வாங்குவதில் மன்னன் யார்?

என் ஓட்டு பார்த்தலோமியு சாசனே என்ற பிரெஞ்சு வக்கீலுக்கு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓட்டன் என்ற ஊரில், பயிரைத் தின்று அழித்ததாக எலிகள் மேல் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்கு. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் பன்றி, பூச்சி எல்லாவற்றின் மேலும் வழக்கு நடத்தியிருக்கிறார்கள். எலிகளுக்கு ஆஜரானவர் சாசனே. கட்சிக்காரர்கள் வரவில்லை. முதலில், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் எலிகளுக்கு ஒரு சம்மன் போதாது என்று சொல்லி அவகாசம் வாங்கினார். ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் சம்மனை வாசித்தார்கள். அப்போதும் எலிகள் வரவில்லை. தூரம் அதிகம், வழி மோசம் என்றார். கடைசியாக எடுத்தது பெரிய ஆயுதம்: வரும் வழியெல்லாம் பூனைகள் காத்திருக்கின்றன, உயிருக்கு ஆபத்து இருக்கும்போது ஆஜராகாமல் இருப்பது குற்றமாகாது. இந்த வழக்கால் அவருக்குப் பெரிய பேர் கிடைத்தது, பின்னாளில் நீதிபதியாகவும் உயர்ந்தார். இன்று மருத்துவச் சான்றிதழோடு வாய்தா கேட்பவர்களிடம் இந்தக் கற்பனை வளம் இல்லை.

நீதிபதிகள் செய்ததில் மோசமானது எது?

லஞ்சம், கொடுமை எல்லாம் இந்தப் பக்கத்தில் வராது. கோபத்தில் புத்தி கெட்டுப்போனது என்ற வகையில் என்றால் நயாகரா ஃபால்ஸ் ஊரின் செல்போன் கதைதான்.

2005 மார்ச். நீதிபதி ராபர்ட் ரெஸ்டைனோ குடும்ப வன்முறை வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு போன் அடித்தது. யாருடையது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் போன் இப்போதே என் கைக்கு வராவிட்டால் எல்லோரும் ஜெயிலுக்குப் போவீர்கள் என்றார். காவலர்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஏற்கனவே விசாரித்து விடுதலையாகக் கிளம்பவிருந்தவரையும் திருப்பி அழைத்தார். ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டு, போன் யாருடையது என்று கேட்டு, தெரியாது என்றதும் ஜாமீன் போட்டு உள்ளே அனுப்பினார். போன் அடித்தபோது தன் கண்ணெதிரிலேயே நின்றவரும் இதில் உண்டே என்று யோசிக்கக்கூட இல்லை. இது மற்றவர்களுக்கு நியாயமில்லையே என்று ஒருவர் சொன்னார். நியாயமில்லை என்று எனக்கும் தெரியும் என்றார் நீதிபதி. மொத்தம் 46 பேர். ஜாமீன் கட்ட முடியாத 14 பேரை விலங்கு போட்டு வண்டியில் ஏற்றி வேறு சிறைக்குக் கொண்டுபோனார்கள். பத்திரிகைக்காரர்கள் விசாரிக்கத் தொடங்கியதும், சாயங்காலத்துக்குள் எல்லோரையும் விட்டுவிட உத்தரவு வந்தது.

நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் ஆணையம் 2007ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போன் யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை. 2019ல் அதே ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அவரை மேயராக்கினார்கள். கட்டுக்கதையாக இருந்தால் இப்படி முடிந்திருக்காது.

கோர்ட்டில் தூங்கினால்?

யார் தூங்குகிறார் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிபதி இயன் டாட், 2004ல் போதைப்பொருள் கடத்தல் வழக்கு ஒன்றில் விசாரணையின்போதே தூங்கினார், குறட்டையும் விட்டார். அவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தது பிறகு தெரிந்தது. 2005ல் ஓய்வு பெற்றார். தண்டனை பெற்ற இருவரும் மேல்முறையீடு போய், 2008ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

வக்கீல் தூங்கினால் கதை இருட்டாகிவிடுகிறது. டெக்சஸில் 1984ல் கால்வின் பர்டைன் என்பவருக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை. அவருடைய வக்கீல் விசாரணையில் பல தடவை தூங்கியதை ஜூரிகளும் கோர்ட் ஊழியரும் பார்த்திருந்தார்கள். முக்கியமான கட்டத்தில்தான் தூங்கினார் என்று நிரூபணம் ஆகவில்லையே என்று மேல் நீதிமன்ற அமர்வு ஒன்று 2000ல் கேட்டது. மறு ஆண்டு முழு அமர்வும் உட்கார்ந்து, நினைவில்லாத வக்கீல் இருப்பதும் வக்கீலே இல்லாததும் ஒன்றுதான் என்று முடிவு செய்தது. அதிலும் ஒன்பது பேர்தான் ஒப்புக்கொண்டார்கள், ஐந்து பேர் மறுத்தார்கள். ஹூஸ்டனில் நடந்த வேறொரு மரண தண்டனை வழக்கில், விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டம் தருகிறது, அந்த வக்கீல் விழித்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்றார் விசாரித்த நீதிபதி.

தீர்ப்பிலேயே நக்கல் செய்கிற நீதிபதிகள் உண்டாமே?

டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் இருந்த சாமுவேல் கென்ட் இதில் பேர் போனவர். 2001ல் ஒரு தீர்ப்பில், இரு தரப்பு வக்கீல்களும் குழம்புக் கறை படிந்த காகித விரிப்புகளின் பின்பக்கத்தில் கலர் சாக்பீஸால் மனுக்களைக் கிறுக்கியிருக்கிறார்கள் என்கிற ரீதியில் வறுத்தெடுத்தார். வக்கீல்கள் கூட்டங்களில் அதை வாசித்து வாசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் முன்னால் மறுநாளும் போய் நிற்க வேண்டிய அந்த இரண்டு வக்கீல்கள் பதிலுக்கு என்ன நக்கல் செய்திருக்க முடியும்? மேடை மேல் இருப்பவர் அடிக்கும் ஜோக்குக்குக் கீழே இருப்பவர்கள் சிரித்தே ஆக வேண்டும். கென்ட் தன் அலுவலகப் பெண் ஊழியர்களிடம் தவறாக நடந்தது வெளியே வந்து, அதன் விசாரணையைத் தடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2009ல் 33 மாதச் சிறைக்குப் போனார்.

நீதிபதியின் நகைச்சுவை வேலைக்கும் ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் கிரிகரி பிரெஸ்னெல் சாட்சி. 2006ல் ஒரு சாட்சியை எந்த இடத்தில் வைத்து விசாரிப்பது என்பதில் இரு தரப்பு வக்கீல்களும் ஒத்துவராமல் மனுப் போட்டார்கள். இரண்டு பேரின் அலுவலகமும் ஒரே கட்டடத்தில், நாலே மாடி வித்தியாசத்தில். நீதிபதி உத்தரவு போட்டார்: குறித்த நாள் மாலை 4 மணிக்கு நடுவான ஓர் இடத்தில் சந்தியுங்கள், இடம் ஒத்துவரவில்லை என்றால் கோர்ட் வாசல்படி, ஆளுக்கு ஓர் உதவியாளர் சாட்சியாக வரலாம், கல்-காகிதம்-கத்தரிக்கோல் ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தவர் இடத்தைச் சொல்லட்டும். ஆட்டம் நடக்கவில்லை. உத்தரவைப் பார்த்ததும் இருவருக்கும் எப்படியோ ஒத்துப்போய்விட்டது.

நீதிபதியை முகத்துக்கு நேரே திட்டிவிட்டுத் தப்பியவர் உண்டா?

இங்கிலாந்தில் ஒரு குமாஸ்தா. 1974, செயின்ட் ஆல்பன்ஸ். நாள் கணக்காக நடந்த ஆபாசப் புத்தக வழக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இளைஞனுக்குச் சலித்துப்போயிற்று. கோர்ட்டை உற்சாகப்படுத்த ஒரு திட்டம் போட்டான்: சிரிப்பூட்டும் வாயு. மருத்துவமனை வளாகத்தில் நின்ற லாரியிலிருந்து ஒரு உருளையைத் திருடி, கூரையில் இருக்கும் காற்றோட்டக் குழாயில் திறந்துவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் பிடிபட்டான். நீதிபதி மெல்ஃபோர்ட் ஸ்டீவன்சன் அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை என்றார். "நீங்கள் நகைச்சுவை உணர்ச்சியே இல்லாத இயந்திரம், தானாக வெடித்துச் சிதற வேண்டியதுதானே?" என்று பையன் கேட்டான்.

மேல்முறையீட்டில் டென்னிங் பிரபு அவனை விடுவித்தார். திருட்டு குற்றம்தான், ஆனால் வாயுவைத் திறக்கவே இல்லையே, ஏற்பாடு செய்தது மட்டும் நீதிமன்ற அவமதிப்பு ஆகாது. இதை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீல்களில் எஃப். இ. ஸ்மித்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்தின் சட்ட அமைச்சர் போன்ற உயர்ந்த பதவிக்கு வந்தவர். "உங்கள் வாதத்தைக் கேட்டபிறகும் நான் முன்னைவிட எந்த வகையிலும் தெளிவடையவில்லை" என்று ஒரு நீதிபதி சொன்னபோது, "தெளிவு வந்திருக்காதுதான் பிரபு, ஆனால் தகவல்கள் சேர்ந்திருக்கும்" என்றாராம். நடந்ததோ இல்லையோ, இளம் வக்கீல்கள் இதைச் சொல்லிப் பார்த்தால் நிச்சயம் வேறு விதமாக முடியும்.

நீதிபதிகளே நீதிபதிகளுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

அது 2017ல் இந்தியாவில். நீதிபதி சி. எஸ். கர்ணன், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். 2016ல் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். தன் மாற்றல் உத்தரவுக்குத் தானே தடை விதித்தார். பிறகு போய்ச் சேர்ந்தார். மற்ற நீதிபதிகள் மேல் அவர் வைத்த குற்றச்சாட்டுகளால் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு வழக்கை எடுத்தது. 2017 மே 8 அன்று, தலைமை நீதிபதி உட்பட எட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஐந்து ஆண்டு கடுங்காவல் விதித்து இவர் உத்தரவு போட்டார். மறுநாள் ஏழு பேர் அமர்வு இவருக்கு ஆறு மாதம் விதித்தது. எந்த உத்தரவு செல்லும் என்பதில் போலீசுக்குக் குழப்பம் வரவில்லை. தலைமறைவாக இருந்தபோதே ஓய்வு வயதும் வந்துவிட்டது. ஜூனில் கோவை அருகே கைதானார். தலித் என்பதால் தன்னைக் குறிவைக்கிறார்கள் என்பது அவர் கடைசிவரை சொன்ன புகார். உத்தரவுகளைப் பார்த்துச் சிரித்த பலர் அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை.

தன் வாதத்தாலேயே சுட்டுக்கொண்ட வக்கீல் என்று ஒரு கதை உண்டே?

நிஜமாகவே சுட்டுக்கொண்டார். கிளெமென்ட் வலண்டிகாம், ஒஹாயோ, 1871 ஜூன். இறந்தவரைத் தன் கட்சிக்காரர் சுடவில்லை, இறந்தவரே துப்பாக்கியை உருவும்போது தவறுதலாகச் சுட்டுக்கொண்டார் என்பது அவர் வாதம். எப்படி என்று ஹோட்டல் அறையில் சக வக்கீல்களுக்கு நடித்துக் காட்டினார். அருகருகே இரண்டு துப்பாக்கிகள் இருந்தன, ஒன்றில் மட்டும் குண்டு. கைக்கு வந்தது அதுதான். மறுநாள் இறந்துபோனார். கட்சிக்காரர் பிறகு விடுதலையானார்.

2017ல் மயாமியில் காருக்குத் தீ வைத்த வழக்கு. கார் தானாகவே தீப்பிடித்தது என்று வக்கீல் ஜூரிகளிடம் இறுதிவாதம் செய்துகொண்டிருந்தபோது அவர் பேன்ட் பையில் புகை வந்தது. மின் சிகரெட்டின் பேட்டரி. வெளியே ஓடினார். திட்டமிட்டுச் செய்ததில்லை என்று அடித்துச் சொன்னார். ஜூரிகள் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றார்கள்.

சூடான காபி கொட்டியதற்குக் கோடி கோடியாக வாங்கிய பாட்டி?

இந்தக் கேள்வி வராத நாளில்லை, இதைக் கேட்டு நான் சிரித்த நாளும் இல்லை. 1992, நியூ மெக்சிகோ. 79 வயது ஸ்டெல்லா லீபெக், நிறுத்தியிருந்த காரில் பேரனோடு உட்கார்ந்து மெக்டொனால்ட்ஸ் காபியின் மூடியைத் திறந்தார். காபியின் சூடு கிட்டத்தட்ட 82 முதல் 88 டிகிரி செல்சியஸ். தொடையில் ஆழமான தீக்காயம், எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை. சிகிச்சைச் செலவுக்காக அவர் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தருவதாகச் சொன்னது 800. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இதே போல 700 புகார்கள் வந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. 1994ல் ஜூரி கிட்டத்தட்ட 29 லட்சம் டாலர் என்றது. நீதிபதி அதை 6,40,000 ஆகக் குறைத்தார். பிறகு வெளியில் சொல்லாத தொகைக்குச் சமாதானமானார்கள். பேராசைக்கு உதாரணமாக உலகம் பாட்டியைப் பிடித்துக்கொண்டது. ஐந்து கோடி டாலர் பேன்ட்டுக்காரர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

செத்த பிறகும் வம்பு செய்த வக்கீல் யார்?

சார்ல்ஸ் வான்ஸ் மில்லர், கனடாவின் டொரான்டோ நகரில். கல்யாணம் ஆகவில்லை, சொத்து நிறைய. 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார். உயிலைத் திறந்தால், ஒருவரையொருவர் கண்டால் ஆகாத மூன்று வக்கீல்களுக்கு ஜமைக்காவில் ஒரே வீட்டைக் கூட்டாக எழுதிவைத்திருக்கிறார். குதிரைப் பந்தயத்தை எதிர்த்துப் பேசியவர்களுக்குப் பந்தய கிளப்பின் பங்குகள். மதுவை எதிர்த்த பாதிரியார்களுக்கு பீர் ஆலைப் பங்குகள். மிச்சச் சொத்து, தான் இறந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் டொரான்டோவில் அதிகக் குழந்தை பெறும் பெண்ணுக்கு.

உறவினர்கள் உயிலை உடைக்க கனடா உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தொழில் தெரிந்த வக்கீல் எழுதிய உயில், ஓட்டை கிடைக்கவில்லை. இடையில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது, ஏழைக் குடும்பங்களுக்கு அது விளையாட்டாக இல்லாமல் போனது. செத்துப் பிறந்த குழந்தை கணக்கில் சேருமா, கணவர் அல்லாதவருக்குப் பிறந்தது சேருமா என்றெல்லாம் கோர்ட்டில் வாதம் நடந்தது. முடிவில் ஆளுக்கு ஒன்பது குழந்தை பெற்ற நான்கு பெண்கள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள், தலைக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல். பத்து பெற்றதாகச் சொன்னவருக்கும் இன்னொருவருக்கும், கணக்கில் சர்ச்சை இருந்ததால், வழக்கை விட்டுவிடுவதற்காக 12,500 டாலர் வீதம் கொடுத்து அனுப்பினார்கள்.